கைப்பையில் ஒரு கத்தி

கைப்பையில் கத்தியா என்று நீங்கள் மூக்கின்மேல் விரல் வைப்பது எனக்குத் தெரிகிறது. வையுங்கள். எங்க வீட்டுக்காரரும் கல்யாணமான புதுசில் அப்படித்தான் வைத்தார். அப்புறம் வடசேரிச் சந்தையில் ஒரு மட்டிக்குலையில் பாதியை மட்டும் வாங்கப் போனபோது, கடைக்காரரிடம் வெட்டுகத்தி கைவசம் இல்லை. நான் பையைத் திறந்து அப்பாவின் பிச்சாத்தியை எடுத்து நீட்டினேன். அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம், "சாவி எடுத்தாச்சா, குடை எடுத்தாச்சா, உன் பிச்சாத்தி எடுத்தாச்சா?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பிச்சாத்தி என்றால் வெளியூர்ச் சகோதரிகளுக்குப் புரியாது. சின்னக் கத்தியை நாஞ்சில் நாட்டில் அப்படித்தான் சொல்வோம். அப்பாவுடையது மடக்குக் கத்தி. எருமைக்கொம்புப் பிடி, விரல் நீள அலகு. ஊர்க் கொல்லரிடம் சொல்லி அடித்தது. வெற்றிலைச் செல்லத்தில் பாக்கு சீவ வைத்திருந்தார். அவர் போன பிறகு அண்ணன் வயலை எடுத்துக்கொண்டான், நான் செல்லத்தை எடுத்துக்கொண்டேன். செல்லத்துக்குள் கத்தியும் வந்தது.

நாற்பது வருஷமாக அது செய்யாத வேலை இல்லை. தோவாளைப் பூவைக் கட்டும்போது நார் அறுக்க, வாழையிலை நறுக்க, அரிசிச் சாக்கின் தையலைப் பிரிக்க, ரயிலில் மாம்பழம் சீவ, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு ஆப்பிள் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் ஸ்டாஃப் ரூமில் யாருக்கு எது அறுக்க வேண்டியிருந்தாலும் "டீச்சர், உங்க பிச்சாத்தி" என்றுதான் வருவார்கள்.

வந்தது வினை கட்டைவிரலுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வலது கட்டைவிரலின் அடிமூட்டில் ஒரு வலி. பாட்டில் மூடி திறந்தால் வலி, பூட்டில் சாவி திருப்பினால் வலி, துணி பிழிந்தால் கேட்கவே வேண்டாம். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம் என்றார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இந்த இடத்தில் இது சகஜமாம். விரலுக்கு ஒரு பட்டை மாட்டிக்கொள்ளச் சொன்னார். சின்னப் பொருளை நுனி விரலால் கிள்ளிப் பிடிக்கிற வேலையைக் குறைக்கவும், பிடி பருமனான சாமான்களை உபயோகிக்கவும் சொன்னார். மடக்குக் கத்தி திறப்பது எப்படி? அலகின் முதுகோரத்தில் உள்ள சின்னப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்துக் கிள்ளி இழுக்க வேண்டும். டாக்டர் வேண்டாமென்ற அதே வேலை! ஒருநாள் பஸ்ஸில் பக்கத்திலிருந்த பையனிடம் "தம்பி, இதைக் கொஞ்சம் திறந்து தாயேன்" என்று கேட்டேன். கேட்ட பிறகு மனசுக்கு என்னவோ போலிருந்தது.

இதை யாரோ அண்ணன் மகன் காதில் போட்டிருக்கிறார்கள். அவன் அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கிறான். அண்ணன் காலமான பிறகு எனக்கும் பிறந்த வீடென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். போன தைக்கு வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான்.

"அத்தை, இனிமே நகம் வேண்டாம். பட்டனை அமுக்கினா போதும்."

கத்தியைக் கையோடு கை கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மேஜைமேல் வைத்தான், நான் எடுத்துக்கொண்டேன். அழகென்றால் அழகு! கறுப்பு அலுமினியப் பிடி, உள்ளங்கைக்கு அடக்கம். வெள்ளி மாதிரி மின்னும் துருப்பிடிக்காத அலகு, மூன்றேகால் அங்குலம். பிடியில் ஒரு பட்டன், பக்கத்திலேயே தள்ளுகிற பூட்டு ஒன்று. பூட்டைத் தள்ளி பட்டனைத் தொட்டேன். 'டக்'கென்று அலகு வெளியே வந்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் சின்னப்பிள்ளை மாதிரி பத்துத் தரம் திறந்து பார்த்தேன். வலி இல்லை!

உள்ளே இருக்கிற சூட்சுமத்தை அவனே விளக்கினான். அலகின் அடியில் சுருள்வில் ஒன்று எப்போதும் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பட்டனோடு சேர்ந்த ஒரு முளை அலகைப் பிடித்து வைத்திருக்கிறது. அமுக்கினால் முளை விலகும், வில் அலகைத் தள்ளும், முழுக்கத் திறந்ததும் முளை வேறொரு பள்ளத்தில் விழுந்து அலகைப் பூட்டிவிடும். இரண்டாம் உலகப் போரில் பாரசூட்டில் குதிக்கிற அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த மாதிரி ஒன்றை வைத்திருந்தார்களாம். மரத்தில் கயிறு சிக்கினால் ஒரு கையாலேயே திறந்து அறுத்துக்கொள்ள. அப்புறம் ரவுடிகள் கையில் போய், 1958-ல் அமெரிக்காவில் இதன் வியாபாரத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அதில் ஒரு விலக்கு உண்டு: ஒரு கை மட்டுமே உள்ளவர் மூன்று அங்குலம் வரைக்கும் அலகுள்ளதை வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. சட்டம் எழுதிய யாரோ ஒருவர், ஒற்றைக் கையால் மாம்பழம் நறுக்குகிறவரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கிறார். டெக்ஸாஸில் 2013-லிருந்து தடையே இல்லையாம். இங்கிலாந்தில் 1959-லேயே விற்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் எப்படி? எங்கள் தெருவில் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி ஒருதரம் திறந்தார், முகம் மாறிவிட்டது.

"இது யாரு தந்தா, டீச்சரம்மா?"

"மருமகன்தான்."

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று கத்திக்குக் கணக்கு இருக்கிறது என்றார். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தது அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் கொல்லைப்புறத்து வெட்டுகத்தி எவ்வளவு பெரிசானாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் 1980-ல் டில்லியில் போட்ட ஓர் உத்தரவு பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்திகளைத் தனியாகப் பெயர் சொல்லிப் பிடித்திருக்கிறது. அங்கே அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே குற்றம். என்னுடையது இரண்டையும் தாண்டிவிட்டது. டில்லியிலிருக்கிற மகள் வீட்டுக்கு இதைக் கொண்டுபோனால் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

"இங்க உங்களை யாரு பிடிக்கப் போறா? ஆனா ஒண்ணு. கோர்ட்டில நீளத்தைப் பாப்பான். பஸ் ஸ்டாண்டில நிக்க ஏட்டு பட்டனைத்தான் பாப்பான்" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான். சினிமாவில் வில்லன் 'டக்'கென்று விரிப்பது இந்த ஜாதிக் கத்தியைத்தானே! உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்ற ஊருக்கு இதனால்தான் பேர். 2023-ல் அங்கே ஒரு நாற்சந்தியில் 20 அடிக் கத்தி செய்தே நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, சட்டம் கிடக்கட்டும், வேலைக்கு எப்படி என்று இரண்டு மாசம் பழகிப் பார்த்தேன். கூர்மைக்குக் குறையே சொல்ல முடியாது. தக்காளியைப் பட்டுத்துணி மாதிரி அறுத்தது. அப்பாவின் கத்தியில் மாங்காய் நறுக்கினால் அலகு கறுத்துப்போகும், துடைக்காமல் வைத்தால் மறுநாள் துரு. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அயினிச்சக்கை வெட்டிய அன்று அதன் பால் உள்ளே இறங்கி, அலகு முக்கால்வாசியில் நின்றுவிட்டது. வில்லுக்குள் போன பிசினை எடுப்பது லேசில்லை. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, கீலில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். (தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாளானால் அதுவே பிசினாகிவிடும்.) சாதா மடக்குக் கத்தியென்றால் குழாயடியில் காட்டித் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பெரிய குறை திறப்பதில் இல்லை, மூடுவதில்! இதை யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. திறக்கிற வேலையை வில் செய்கிறது. மூடும்போது அந்த வில்லை நாமல்லவா எதிர்த்துத் தள்ள வேண்டும்? ஒரு கட்டைவிரல் பட்டனை அமுக்கியபடியே இருக்க, மறு கையால் அலகின் முதுகைத் தள்ள வேண்டும். வலது விரலுக்குச் சிரமம் என்று இடது கையில் பிடித்தேன். பட்டனுக்கு பலம் வேண்டுமென்று மற்ற விரல்கள் பிடியை இறுக்கிச் சுற்றிக்கொண்டன. ஆள்காட்டி விரலின் நுனி, அலகு போய்ப் படுக்கிற பள்ளத்துக்கு மேலே இருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

எனக்குச் சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக. மற்றவர்களுக்கு ஒரு பிளாஸ்திரியோடு போகிற காயம் எனக்கு அப்படிப் போகாது. பக்கத்து வீட்டு அக்கா காப்பிப்பொடி டப்பாவோடு ஓடி வந்தாள். வேண்டாமென்று தடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். இரண்டு தையல். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாச்சு என்று கேட்டார், எனக்கு நினைவே இல்லை, போட்டுவிட்டார். ஆற மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் மரச்சீனிக்கிழங்குக்குத் தோலெடுத்தது எங்க வீட்டுக்காரர். வாழ்க்கையில் முதல் தடவை. தோலோடு பாதிக் கிழங்கும் போனது வேறு விஷயம்.

இதற்கும் நான் கத்தியைக் கைவிடவில்லை. மருமகன் ஆசையாகக் கொண்டுவந்தது. தப்பு என் விரல் மேல், கத்தி மேல் இல்லை என்று பையிலேயே வைத்திருந்தேன்.

சித்திரை லீவுக்கு மகள் பேரனோடு வந்தாள். ஐந்து வயசு. ஆச்சி பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே! ஓடினேன். பிள்ளை கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"ஆச்சி, இது தன்னால வருது!"

"மக்கா, அப்படியே கீழ வை. ஆச்சி எடுத்துக்கிடுகேன்" என்றேன். குரல் நடுங்காமல் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டான். ஒரு கீறல்கூட இல்லை, நாகராஜா காப்பாற்றினார். தள்ளுகிற பூட்டைப் போட நான்தான் மறந்திருக்கிறேன். மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவின் பிச்சாத்தி என் மகள் தவழ்ந்த காலத்திலும் அதே பையில்தான் கிடந்தது. ஒருநாளும் பயந்ததில்லை. ஏனென்றால் அதைத் திறக்க ஒரு பலம் வேண்டும், பிள்ளைகளுக்கு அது கிடையாது. எனக்கு இப்போது எந்தப் பலம் இல்லாமல் போயிற்றோ, அதுதான் அத்தனை காலமும் பூட்டாக இருந்திருக்கிறது. அந்தப் பலம் வேண்டாத கத்தி எனக்கு மட்டுமா திறக்கும்?

மறுவாரம் பிச்சாத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அடித்துக் கொடுத்த கொல்லரின் மகன் இருக்கிறார், அவருக்கே தலை நரைத்துவிட்டது. கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க அப்பா கைவேலையாக்கும்" என்றார். கட்டைவிரல் கதையைச் சொன்னேன். நகம் கொடுக்கிற இடத்துக்கு எதிரே, பிடியின் இரண்டு பக்கத்திலும் அரத்தால் அரைவட்டமாக ஒரு வெட்டு எடுத்தார். இப்போது அலகின் முதுகு அந்த இடத்தில் நன்றாக வெளியே தெரிகிறது. கிள்ள வேண்டாம், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, அதன் கணுக்களுக்கு நடுவே பிடித்து இழுத்தால் வருகிறது. இறுகிப் போயிருந்த கீலாணிக்கு எண்ணெய் விட்டு, இரண்டு தட்டுத் தட்டி, பக்குவம் பார்த்தார். ரொம்பத் தளர்த்தவில்லை, "தானா மடங்கினா விரலு போயிரும்" என்றார். சாணையும் பிடித்துக் கொடுத்து அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். வலி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைநாளில் கொஞ்சம் தெரியும். அன்றைக்கு எங்க வீட்டுக்காரர் திறந்து தருவார்.

பட்டன் கத்தி பீரோ லாக்கரில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏணிமேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று வேலை செய்கிறவருக்கு அது நல்ல கத்திதான். என் மாதிரி வயசில், பேரப்பிள்ளைகள் புழங்குகிற வீட்டில், கைப்பைக்கு ஆகாது.

மருமகனிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் ஒரு மாசம் தவித்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவான். "கத்தி எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்பான், "இருக்குடா" என்பேன். போன வாரம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு தையல் போட்ட விரலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அத்தை, தாத்தா கத்தியா? அது இன்னும் இருக்கா? அப்பா சொல்லியிருக்காரு, நான் பாத்ததே இல்ல."

இவன் பிறந்தபோது அப்பா இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். பையிலிருந்து எடுத்து, திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் பிடித்து அனுப்பினேன். பேரன்தான் பக்கத்தில் நின்று, "ஆச்சி, ஆடாம பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.