கடல் கடந்த மடல்: வரலாறு நுழையும் வாசல்

எடின்பரோ நகரின் தலைமை ரயில் நிலையத்துக்கு வாய்த்திருக்கும் வேவர்லி என்ற பெயர், வால்டர் ஸ்காட் 1814இல் தம் பெயரை மறைத்து வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணையேற்ற 1745இல் எழுந்த யாக்கோபியக் கிளர்ச்சியைக் களமாகக் கொண்ட அந்நாவலுக்கு, 60 ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று பொருள்படும் துணைத்தலைப்பை அவர் இட்டார். அவர் பெயரால் 2010 முதல் வழங்கப்படும் வரலாற்றுப் புனைவுப் பரிசு, கதையின் பெரும்பகுதி குறைந்தது 60 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று விதிப்பது அதனால்தான். கிளர்ச்சிக்குத் தன்னை முழுவதுமாக ஒப்புக்கொடுத்த ஃப்ளோராவை விரும்பும் நாயகன், கிளர்ச்சி தோற்றபின் அமைதியான ரோஸை மணக்கிறான். அவன் யாரை மணப்பான் என்ற கேள்வியும் நாடு எப்பக்கம் சாயும் என்ற கேள்வியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. நந்தினியின் காதலையும் வஞ்சத்தையும் விலக்கிவிட்டு ஆதித்த கரிகாலனின் முடிவைக் கல்கி சொல்லியிருக்க முடியாது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்கும்.

ஆயினும் பிரித்தானியப் புத்தகக் கடைகளில், பரிசும் மதிப்புரையும் பெறும் வரலாற்றுப் புனைவு ஓர் அலமாரியிலும், காதலை மையமாகக் கொண்டு இன்பமான முடிவை எழுதப்படாத வாக்குறுதியாக ஏற்ற ரொமான்ஸ் வேறோர் அலமாரியிலும் இருக்கின்றன. இப்பிரிவை நம்பி வாசிப்பவர் இரு பக்கமும் நல்ல நூல்களை இழக்கிறார். அண்மையில் ஸ்காட் பரிசு பெற்ற மூன்று நாவல்களுமே, வரலாறு வீட்டுக்குள் நுழையும் வாசலாகக் காதலையும் மணவாழ்வையும்தான் காட்டுகின்றன.

2023இல் பரிசு பெற்ற லூசி கால்டுவெல்லின் 'தீஸ் டேய்ஸ்', 1941 ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெல்ஃபாஸ்ட் நகர்மீது ஜெர்மானிய விமானங்கள் நடத்திய குண்டுவீச்சை இரு சகோதரிகள் வழியே சொல்கிறது. மூத்தவள் ஆட்ரி ஒரு மருத்துவருக்கு நிச்சயிக்கப்பட்டவள். இளையவள் எம்மாவோ முதலுதவி நிலையத்தில் உடன் பணியாற்றும் சில்வியாவை நேசிக்கிறாள். ஊரே துயரத்தை வெளிப்படையாகப் பகிர்ந்துகொள்ளும் நாட்களில், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் உறவு என்ன பாடுபடும் என்பதில்தான் அந்நூலின் வலிமை இருக்கிறது.

2024இல் பரிசு பெற்ற, டிரினிடாடைச் சேர்ந்த கெவின் ஜேரட் ஹொசைனின் 'ஹங்ரி கோஸ்ட்ஸ்' இம்மூன்றிலும் தமிழருக்கு மிக நெருக்கமானது. 1845 முதல் 1917 வரை, கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறித்த ஆண்டுகள் தோட்டத்தை விட்டு நீங்க முடியாத தொழிலாளர்களாக, அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கதை 1940களில் நடக்கிறது. ஒப்பந்த முறை ஒழிந்துவிட்டது, ஆனால் இலங்கை மலையகத்தின் லயன் அறைகளை நினைவூட்டும் 'பாரக்' குடியிருப்பு ஒழியவில்லை. அங்கே மனைவி ஷ்வேதாவோடும் மகன் கிருஷ்ணாவோடும் வாழும் ஹான்ஸ், காணாமற்போன செல்வந்தர் ஒருவரின் மனைவி மார்லீயிடம் இரவுக் காவலுக்குச் சேர்கிறான். ஊருக்குள் சொந்தமாக ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையும் அவள்மீது எழும் ஈர்ப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, தோட்ட முதலாளியம் ஒரு மனிதனின் இச்சையைக்கூட எப்படி விலைபேசுகிறது என்பதை ஹொசைன் இரக்கத்தோடும் கண்டிப்போடும் எழுதியிருக்கிறார்.

2025இன் பரிசு நூலான ஆண்ட்ரூ மில்லரின் 'தி லேண்ட் இன் விண்டர்', 1962-63இன் கடுங்குளிரில் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் அடுத்தடுத்து வாழும் இரு இளந்தம்பதிகளைப் பற்றியது. மனைவியர் இருவரும் கருவுற்றிருக்க, கணவரில் ஒருவரான மருத்துவர் வேறொரு பெண்ணோடு உறவு வைத்திருக்கிறார். போர் முடிந்து பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தும் அதன் நிழல் எவரையும் விட்டபாடில்லை.

மறு அலமாரியிலும் உழைப்பு குறைவன்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியபோது அவர் மகன் ஆட்சிப் பொறுப்பேற்ற 1811-1820 காலம் ரீஜென்சி எனப்படும். அக்காலத்துக் காதல் கதைகளுக்கு முன்னோடியான ஜார்ஜெட் ஹேயர், 1937இல் எழுதிய 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலில் ஒரு காதலின் ஊடே வாட்டர்லூப் போரை நுணுக்கமாக விவரித்தார். அவ்வழியில் வந்த வனெஸ்ஸா ரைலியின் 'ஐலண்ட் குயின்' (2021), மான்செராட் தீவில் அடிமையாகப் பிறந்து, விடுதலையை விலைகொடுத்து வாங்கி, பெருஞ்செல்வரான டோரதி கிர்வன் தாமஸ் என்ற வரலாற்றுப் பெண்மணியின் கதை. மாளிகை நடனங்களை மட்டுமே அறிந்த ரீஜென்சி வாசகர், அந்த நடனங்களுக்குச் செலவழிந்த செல்வம் விளைந்த தீவுகளை இதில் காண்கிறார்.

இவற்றுள் ஒன்றேனும் தமிழில் பெயர்க்கப்பட வேண்டுமாயின் அது 'ஹங்ரி கோஸ்ட்ஸ்' ஆக இருப்பதே தகும். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களும் அத்தீவில் இருக்கிறார்கள், அவர்களுடைய பாட்டன்மார் புறப்பட்ட ஊர்கள் இங்கேதான் இருக்கின்றன.