ஒரு வீடு, இரண்டு குடித்தனம்

'டூயல் பூட் நல்லதா, வர்ச்சுவல் மெஷின் நல்லதா?' என்று நம் லேபில் தினமும் நடக்கும் பட்டிமன்றம் உங்களுக்குத் தெரியும். நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. செய்த தப்பைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். டிப்ளமோ சேர்ந்தபோது கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. மணவூரில் பக்கத்து வீட்டு அக்கா தன் லேப்டாப்பை எடுத்து நீட்டினார். "சும்மாதாண்டா கிடக்குது. போட்டோவை மட்டும் அழிச்சுடாதே."

ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. உள்ளே விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டூயல் பூட் என்ற பேரே தெரியாமல் நம்ம பிள்ளைகள் அதைக் கையில் வைத்திருந்தார்கள்!

டூயல் பூட்டில் ஒரு வீட்டை இரண்டு குடித்தனம் முறை வைத்து ஆள்கிறது. ஒருவர் வந்தால் மற்றவர் வெளியே. ஆனால் வந்தவருக்கு முழு வீடும் சொந்தம். வர்ச்சுவல் மெஷின் உள்வாடகை மாதிரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்கலாம், மெமரியைத்தான் பங்கு போட வேண்டும். (இது புதுசு என்று நினைக்காதீர்கள். ஐ.பி.எம். 1972-லேயே வி.எம்./370 என்று இதைக் கொண்டுவந்துவிட்டது.) அக்கா லேப்டாப்பில் மொத்தமே 2 ஜி.பி. அதில் 512 எம்.பி.யை வர்ச்சுவல்பாக்ஸுக்குக் கொடுத்தேன். சிக்னல் கிடைக்காத அரக்கோணம் லோக்கல் மாதிரி நின்று நின்று போனது.

பொறுமை போச்சு. ஒரு ராத்திரி புது லினக்ஸை நேராகவே போட உட்கார்ந்தேன். பார்ட்டிஷன் கேட்கும் இடத்தில் 'முழு டிஸ்க்' என்பதைத் தேர்ந்து என்டர் தட்டினேன். லினக்ஸ் அழகாக வந்தது. விண்டோஸ் இல்லை. போட்டோவும் இல்லை. அவ்வளவும் காலமான அவங்க அப்பாவின் படங்கள். வேறெங்கும் காப்பி கிடையாது.

வர்ச்சுவல் மெஷினுக்கு டிஸ்க் என்பது வெறும் ஒரு ஃபைல். அதே திரையில், அதே என்டரை, அங்கே பத்து தடவை தப்பாகத் தட்டியிருந்தாலும் அந்த ஃபைல்தான் போயிருக்கும். ஊர்ந்து போகிறதே என்று தூக்கி எறிந்தேன் பாருங்கள்!

அக்காவிடம் சொல்ல நாலு நாள் ஆச்சு. அதற்குள் சீனியர் அண்ணன் ஒருவரின் ஹார்டு டிஸ்க்கை இரவல் வாங்கி, போட்டோரெக் என்ற மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஃபைல் பேரெல்லாம் போய் வெறும் எண்களோடு சில படங்கள் திரும்பின. புது லினக்ஸ் மேலே எழுதிவிட்ட இடத்தில் இருந்தவை வரவே இல்லை.

ஒன்றொன்றாகக் காட்டினேன். அப்பா ஸ்கூட்டரோடு நிற்கும் படத்தில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். அக்கா அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஸ்கூட்டர் போச்சா?" என்றார். "முகம் இருக்குது. இதை பிரிண்ட் போட்டுக் கொண்டா."