ஹெலிகாப்டர் யாருக்காக வருகிறது?



2023 டிசம்பர் 17. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அன்று இரவு திருச்செந்தூர்–சென்னை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் போகின்றன என்றதும், எல்லோரையும் தூக்கி வந்துவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்ஐ-17 வி5 ரகம் ஒரு நடைக்கு 36 வீரர்களை ஏற்றும்; அல்லது 4 டன் சுமை. 800 பேருக்கு 23 நடை! அந்த மழையில் நடக்கிற காரியமா?

அதனால் உணவுப் பொட்டலங்களை மேலிருந்து போட்டார்கள். ஒரு கர்ப்பிணியையும் சிறு குழந்தையையும் முதலில் மீட்டு நம்ம மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் புதுக்குடி ஊர்மக்கள் சமைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டுப் பொறுத்திருந்து, 19ஆம் தேதி தரைவழியே மணியாச்சி போய்ச் சிறப்பு ரயில் ஏறினார்கள்.

சாலை வேண்டாம், ஓடுதளம் வேண்டாம். அந்தரத்தில் நின்றபடி கயிற்றில் ஆளைத் தூக்கும். அதுதான் அதன் பலம். கூட்டத்தைச் சுமப்பதல்ல.

நாளை நம் ஊரில் வெள்ளம் சூழ்ந்து, தலைக்குமேல் அந்தச் சத்தம் கேட்டால் முண்டியடிக்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சியையும் நோயாளியையும் குழந்தையையும் முன்னே விடுங்கள். நமக்குப் படகோ பஸ்ஸோ வரும்.