ரிலே மின்சாரத்தை வெட்டும் இடம்

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலுக்கு இறங்கும் தெருக்களில் ஒன்று. அங்கே ஒரு வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் குளிர்பதனக் கிடங்குகளுக்கான கண்காணிப்புக் கருவிகள் செய்கிறார்கள். அந்தக் கருவிகளில் ஓடுவது லினக்ஸ். சென்சாரையும் லினக்ஸையும் பேச வைக்கும் டிரைவரை இவர்களே எழுதுகிறார்கள்.

"சென்சாரைப் படிக்கிற கோடு ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும் சார். அது ஒழுங்கா பதில் சொல்லாதப்ப என்ன பண்றதுங்கிறதுக்குத்தான் மாசக்கணக்கா உட்கார்றோம்" என்றார் குழுவை நடத்தும் பெண் பொறியாளர்.

மேசையில் ஒரு ரிலே ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தது. நினைத்த நேரத்தில் போர்டின் மின்சாரத்தை வெட்டி, திரும்பக் கொடுப்பதுதான் அதன் வேலை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த இடைவெளியைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தால் புராசஸர் ரீசெட் ஆகிவிடும். அதைவிடக் குறைந்த அழுத்தத்திலும் தாக்குப்பிடிக்கும் சென்சாருக்கு நடந்தது எதுவும் தெரியாது. வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டும் பேசிக்கொள்வது ஐ-டூ-சி வழியாக. பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு தரவுக் கம்பி, ஒரு கடிகாரக் கம்பி, அவ்வளவுதான். சென்சார் பூஜ்யத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போது புராசஸர் ரீசெட் ஆனால், அடுத்த கடிகாரத் துடிப்பு வரட்டும் என்று சென்சார் தரவுக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி நிற்கும். எழுந்துவரும் புராசஸரோ, கம்பியை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று தானும் காத்திருக்கும். இரண்டின் மீதும் தவறில்லை; கிடங்கின் வெப்பநிலை மட்டும் வந்து சேராது. பரிகாரம் எளிது. ஒன்பது வெற்றுத் துடிப்புகளை அனுப்பினால், சென்சார் மிச்சமுள்ள பிட்டுகளைக் கொட்டிவிட்டுக் கம்பியை விட்டுவிடும். எட்டு பிட், ஓர் ஒப்புதல், ஆக ஒன்பது. விதிமுறை ஆவணத்திலேயே இது இருக்கிறது. ஆனால் மின்சாரம் ஒழுங்காக இருக்கும் ஆய்வகத்தில் மட்டும் சோதித்தவருக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டத் தோன்றாது. கடற்காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பிடித்து, தொட்டும் தொடாமலும் இருக்கும் ஊரில் தோன்றியே தீரும்.

பக்கத்து மேசை இளைஞர் வேறொன்றைக் காட்டினார். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு கழன்றுவிட்டால், அதன் ரெஜிஸ்டரைப் படிக்கும்போது பொதுவாகப் பிழை வராது. எல்லா பிட்டும் ஒன்றாக ஓர் எண் வரும். ‘பிஸி’ பிட் பூஜ்யமாகட்டும் என்று சுற்றும் லூப், இல்லாத கார்டுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். "டைம்அவுட் இல்லாத லூப் இருந்தா மேடம் ரிவ்யூலயே திருப்பி அனுப்பிடுவாங்க."

லினக்ஸ் கர்னலின் ஒரு குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது. நொடிக்கு ஆயிரம் முறை ஏறும் 32 பிட் கவுண்டர் 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். அத்தனை நாள் யார் சோதிப்பார்கள்? விண்டோஸ் 95 இதே கணக்கில் உறைந்துபோகும் என்பது வெளியான சில ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. (அத்தனை நாள் அது நின்றுபோகாமல் ஓடியிருந்தால்தானே!) கர்னல் எழுதியவர்கள், பூட் ஆன ஐந்தாம் நிமிடத்திலேயே கவுண்டர் திரும்பும்படி தொடக்க எண்ணை வைத்துவிட்டார்கள். சோதனைக்காக, கேட்டால் வேண்டுமென்றே நினைவகம் தர மறுக்கும் வசதியும் கர்னலில் உண்டு. நான்காவது வளம் கிடைக்காவிட்டால், வாங்கிய மூன்றையும் அடுக்கிய பாத்திரங்களைப் போல மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். டிரைவர் அதைச் செய்கிறதா என்பதை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் கவலை மிகையானதல்ல. கர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்குவரை இருந்ததாக 2001இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர், 20 உள்ளீடுகளே வந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப் போனது. சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இவ்வளவு வேலைக்கும் கொட்டேஷனில் என்ன பெயர் என்று கேட்டேன். பெண் பொறியாளர் சிரித்தார். "தனியா போட்டா வெட்டிடுவாங்க சார். ‘டிரைவர் டெவலப்மென்ட்’னு ஒரே வரியில சேர்த்துடுவோம். ரிலே வாங்கினது ஆபீஸ் செலவுல."