கவிழ்ந்த கமான்

பின் சீட்டைத் தூக்கி வெளியே வைத்து, அடியில் இருந்த தகட்டைக் கழற்றியதும் மேஸ்திரி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிமிர்ந்து, "என்ன சார், கமானைக் கவுத்துப் போட்டிருக்கான்?" என்றார்.

நாற்பது வருஷமாக லாரிக்குக் கமான் பட்டை அடிக்கிறவர். லாரியில் பட்டைக் கட்டு வண்டியின் நீளவாக்கில், இரு முனையும் மேலே தூக்கி, தொட்டில் போலக் கிடக்கும். இந்தக் காரின் பின்பக்கத்துக்கு மொத்தமே ஒரு கட்டுதான். அதுவும் குறுக்குவாக்கில், டிஃபரன்ஷியல் பெட்டியின் தலைமேல், விரித்த குடை போலக் கவிழ்ந்து கிடக்கிறது. நீளமான மெயின் பட்டை அடியில், குட்டைப் பட்டைகள் மேலே. நடுவில் காரின் எடை அழுத்த, இரு முனைகளிலும் சக்கரங்கள் தாங்குகின்றன.

கார் என் நண்பருடையது. அறுபதுகளில் அவருடைய அப்பா வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பெருங்களத்தூரில் செய்த வண்டி, 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் 1959-ல் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் செய்தார்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் தொங்கும் அமைப்பு இரண்டு கார்களுக்கும் ஒன்றே. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடியிருக்கின்றன. அந்தச் சோழவரத்துக்குப் போகிற வழியில், செங்குன்றம் பக்கத்து லாரிப் பட்டறை ஒன்றில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

தட்டையாகிப்போன கமான் ஸ்பிரிங்கை என்ன செய்வது என்று நண்பர் மூன்று மாதம் யோசித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து புதிய ஸ்பிரிங் வரவழைக்கலாம்; ஆனால் அத்தனை இரும்புக்கு அனுப்பும் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் விலை கைக்கு அடங்காது. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் ஒரு பழைய கட்டு கிடைத்தது. கையில் எடுத்துப் பார்த்தால் இவருடையதைவிட அதிகமாகத் தட்டையாகிப்போயிருந்தது. அறுபது வருஷம் சுமந்த இரும்பை மாற்ற அதே வயது இரும்பை வாங்குவதில் அர்த்தமில்லை. மிஞ்சியது பட்டறை.

பட்டறைக்குப் போவதில் எனக்கு ஒரு பயம் இருந்தது, கைவேலையைப் பற்றி அல்ல. லாரிக்காரர்களுக்கு வளைவு கூடினால் சந்தோஷம். "ரெண்டு விரல் தூக்கித்தான் அடிப்போம் சார், லோடு ஏறினா உட்கார்ந்துடும்" என்று மேஸ்திரியும் சொன்னார். லாரிக்கு அது சரி. இந்தக் காருக்கு ஆபத்து.

ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஊஞ்சல் அச்சில் தொங்குகின்றன. டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒவ்வொரு குட்டைத் தண்டு, தண்டின் நுனியில் சக்கரம். தண்டு மேலே போனால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். கீழே இறங்கினால் தலை வெளியே சாய்ந்து, பாதம் உள்ளே மடங்கும். ஸ்பிரிங்கைத் தூக்கி அடித்துவிட்டால் சக்கரம் நிற்கும்போதே பாதம் மடங்கித்தான் நிற்கும். அப்புறம் வேகமாக ஒரு வளைவில் திரும்பி, பாதியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கிக் காரின் பின்பாகத்தை மேலே தூக்கிவிடும். அமெரிக்காவின் ஷெவர்லே கார்வேரை ரால்ஃப் நாடர் 1965-ல் புத்தகம் எழுதிக் கண்டித்ததும் இதே ஊஞ்சல் அச்சுக்காகத்தான். நம் ஊரில் 1972-ல் ஹெரால்டை மாற்றி கெஸல் என்று கொண்டுவந்தபோது ஸ்டாண்டர்ட் கம்பெனி இந்த அச்சையே எடுத்துவிட்டது.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, நண்பர் பேசாமல் ஒரு தூக்குக்குண்டை எடுத்தார். கழற்றுவதற்கு முன்பே முன் சீட்டில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பக்கத்து வீட்டுப் பையனை அளக்கச் சொல்லியிருந்தார். சக்கர வளையத்தின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 22 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. "இது 6-க்கு வந்தா போதும். நேரா நிமிர வேண்டாம். வெளியே சாயவே கூடாது" என்றார். மேஸ்திரி நூலை வாங்கி, கவிழ்ந்த பட்டையையும் கழற்றிய சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது சுமக்கிற கமான் மட்டும் இல்ல. சக்கரத்த நிறுத்துறதும் இதான்" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய ஒரு வாரம் ஆகியிருந்தது.

சென்டர் போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைத் தரையில் வரிசையாகப் போட்டார்கள். குட்டைப் பட்டைகளின் நுனி, அடுத்த பட்டையில் நகக்கீறல் போலப் பள்ளம் தோண்டியிருந்தது. மேஸ்திரி ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினார். மணி போலக் கணீரென்று ஒலித்தவை ஒரு பக்கம். ஒன்று மட்டும் தகரம் மாதிரி சொத்தென்றது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத்தூள் தூவியதும் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது.

அதற்குப் பதில் போட, பழைய ஜீப் பட்டைக் குவியலில் தேடினார்கள். அதே அகலத்தில் ஒன்று உடனே கிடைத்தது. கனம் 1 மில்லிமீட்டர் கூட. மேஸ்திரி அதைத் தள்ளிவைத்துவிட்டார். அவர் கணக்கைக் கையால் அறிந்தவர். பட்டையின் விறைப்பு கனத்தின் மூன்றாம் படியில் ஏறும். 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 6 போட்டால் அந்தப் பட்டை 73 சதவீதம் கூடுதலாக விறைத்துவிடும். சரியான கனம் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது.

சிமென்ட் தரையில் சாக்பீஸால் பழைய வளைவை வரைந்து, அதன்மேல் வேண்டிய வளைவை வரைந்தார். சம்மட்டி பிடித்தவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும், திருவண்ணாமலைப் பக்கம். இரண்டு முட்டுக்கு நடுவே பட்டையை வைத்து மேஸ்திரி நகர்த்த நகர்த்த, அவர் அடித்தார். இரண்டு அடி, தரையில் வைத்து ஒரு பார்வை, மறுபடி ஒரு அடி. நெருப்பில் காய்ச்சவில்லை. ஏன் என்று கேட்டேன். "காய்ச்சினா பதம் போயிடும் சார். பதத்தைத் திருப்பி ஏத்தத் தெரியாதவன் காய்ச்சக் கூடாது. என்கிட்ட அதுக்கு உலை இல்ல" என்றார். இல்லாததை இல்லை என்று சொன்ன அந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

அடுக்கும்போது கவனித்தேன்: ஒவ்வொரு குட்டைப் பட்டையும் அதற்கு அடியில் இருக்கும் நீளப் பட்டையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருந்தது. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சென்டர் போல்ட்டை இறுக்க இறுக்க அந்த வெளிச்சம் அணைந்து, பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. பிறகு முழுக் கட்டையும் பிரஸ்ஸில் வைத்துத் தட்டையாகும் வரை அமுக்கி விட்டார்கள், ஐந்து தடவை. உட்கார வேண்டியது காரில் ஏறுமுன்னே உட்கார்ந்துவிட்டது. தூக்கி அடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஷாக் அப்சார்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழாயை அறுத்து, ஆயில் மாற்றி, வெல்டு வைத்துத் தருகிறார்கள், வேண்டாம். வேறு வண்டியின் புதிய ஷாக் பொருந்தும். நீட்டிய நீளம், மூடிய நீளம், கண்ணின் துளை மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். மூடிய நீளம் அதிகமான ஷாக் ரப்பர் முட்டுவதற்கு முன்பே தான் முட்டி, பிராக்கெட்டைக் கிழிக்கும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை, கார் தரையில் நான்கு காலில் நின்றபிறகே இறுக்குங்கள். முன் சக்கரத்தின் அடியில் இருக்கும் பித்தளை டிரன்னியனுக்கு கிரீஸ் அடிக்க விடாதீர்கள். அதற்கு 90 கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே கட்டிதட்டினால் மரைக்குள் தண்ணீர் தங்கித் துருவேறி, ஓடும்போதே ஒடிந்துபோகும்.

இருட்டுகிற நேரத்தில் நாங்கள் இருவரும் மறுபடி முன் சீட்டில் உட்கார்ந்தோம். மேஸ்திரியே நூல் பிடித்தார். இடது பக்கம் 7, வலது பக்கம் 6. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி அளக்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதற்குக் கூலி கிடையாதாம்.