கோக் என்னும் சொல்

‘கோக்’ என்றவுடன் இந்நாளில் சிறுவர் உள்ளத்தில் தோன்றுவது ஒரு குளிர்பானம். இரும்பு ஆலையில் உழைப்போர்க்கோ அஃது ஓர் எரிபொருளின் பெயர். அதனைத் தமிழில் கல்கரி என்பர். நாவைக் குளிர்விக்கும் பானத்தையும் நெருப்பிற் கனலும் கரியையும் ஒரே சொல் குறிப்பது வியப்பன்றோ?

வடிவில் ஒன்றாயினும் இவை பிறப்பில் வேறானவை. பானத்தின் பெயரே இளையது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் என்னும் மருந்தாளர் அப்பானத்தை ஆக்கினார். கோக்கா இலை, கோலாக் கொட்டை ஆகியவற்றின் பெயரால் அது கோக்கக்கோலா எனப்பட்டது. மக்கள் அதனைக் ‘கோக்’ எனக் குறுக்கினர். முழுப்பெயரையே சொல்லுமாறு நிறுவனத்தார் வேண்டியும் மக்கள் கேட்டிலர். முடிவில் நிறுவனமே இசைந்து, 1945இல் அக்குறும்பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது.

எரிபொருளின் பெயரோ பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. கனியின் நடுப்பகுதியைக் குறித்த வடஇங்கிலாந்து வழக்குச் சொல் ஒன்றிலிருந்து அது தோன்றியிருக்கலாம் என்பர் சொல்லாராய்ச்சியாளர். காற்றுப் புகாமல் நிலக்கரியைச் சூடேற்றினால் வாயுவும் தாரும் நீங்கும். எஞ்சி நிற்கும் உள்ளீடே கல்கரி. ஆகவே அப்பெயர் பொருத்தமானதே.

பெயரால் ஒன்றுபட்ட பானத்தோடு அன்றாயினும், வேறொரு பானத்தோடு இக்கரி வரலாற்றில் உண்மையாகவே சந்தித்ததுண்டு. அக்காலத்து இங்கிலாந்தில் பீர் என்னும் மதுவிற்காக வாற்கோதுமையை முளைகட்டி, அனலில் உலர்த்துவர். விறகு அருகி விலை ஏறியது. நிலக்கரியை எரித்தால் அதன் புகை தானியத்தின் சுவையைக் கெடுத்தது. டார்பிஷயர் வட்டாரத்தார் நிலக்கரியைக் கல்கரியாக்கி எரித்தனர். புகை ஒழிந்தது, சுவை காக்கப்பட்டது.

ஆபிரகாம் டார்பி என்னும் இளைஞர் பர்மிங்காம் நகரில், முளைத்தானியம் அரைக்கும் ஆலைகளைச் செய்யும் தொழிலைப் பழகினார். பின்னர் அவர் இரும்பு வார்ப்பில் இறங்கினார். இரும்பை உருக்க மரக்கரி வேண்டும். அதற்கோ காடுகள் போதவில்லை. நிலக்கரியை இட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பை நொறுங்கச் செய்தது. தானிய அடுப்பிற்கு உதவிய கரி ஊதுலைக்கும் உதவாதோ? 1709இல் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் அவர் கல்கரியால் இரும்பை உருக்கி வெற்றி கண்டார். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1779இல், அவர்தம் பேரர் அவ்வூருக்கு அருகே செவர்ன் ஆற்றின்மீது வார்ப்பிரும்பாலேயே பாலம் எழுப்பினார்.

எளிய தானிய அடுப்பில் பிறந்த அறிவு ஒரு நாட்டின் தொழில் வளத்திற்கே வித்தாயிற்று. பிறர் தொழிலைச் சிறிதென இகழாது உற்று நோக்குவார்க்கே புதுவழி புலப்படும். ஒரு சொல்லின் பொருளை அகராதி கூறும். அதன் பின்னே நின்ற மக்களின் உழைப்பை நாமே தேடி அறிதல் வேண்டும்.