510 புள்ளிகள்

வெள்ளக்கடையில் மழை ஓயாத விடுமுறை நாள்களில் எங்கள் மகன் போக்கிமான் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தான். அஸ்ர் தொழுகை இருமுறை களாவானதும் கருவியைப் பறித்துவிட எண்ணினோம். அதற்குமுன் அவனிடமே விளக்கம் கேட்டோம்.

“அத்தா, வீழ்த்தும் உயிரினத்திற்கேற்ப உழைப்புப் புள்ளிகள் சேரும். மொத்தம் 510, ஒரு திறனுக்கு 252. ஆறு திறன்களில் இரண்டை நிரப்பினால் 6 புள்ளிகளே மிஞ்சும். எதிரியைத் தேர்ந்து போரிடாவிட்டால் வீணாகிவிடும்” என்றான்.

எங்கள் நாளும் அவ்வாறே அளந்து தரப்பட்ட அமானிதமன்றோ! சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அவனைக் கடிந்த நாங்களோ கைப்பேசியில் கணக்கின்றிச் செலவிட்டிருந்தோம். இப்போது தொழுகை நேரம் வந்ததும் அவன் கருவியும் எங்கள் கைப்பேசிகளும் ஒரே அலமாரிக்குள் செல்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.